விதியை முதலில் எழுதிக் கொடுங்கள்

நேற்றுப் புதன்கிழமை காலை எங்கள் வாசலிலேயே திருப்பி வைக்கப்பட்ட குப்பைப் பையின் படம் தெரு வாட்ஸ்அப் குழுவில் வந்ததையும், அதன் கீழே 'குப்பையைப் பிரிக்கத் தெரியாத வீடு' என்று எழுதியிருந்ததையும் பலரும் பார்த்திருப்பீர்கள். அக்கறையோடு என்னை அழைத்துக் கேட்டவர்கள் மூன்று பேர். மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அந்தப் பையைக் கட்டியவர் 76 வயதான என் அம்மா. பால் கவரின் முனையைத் துண்டாக வெட்டி எறியாமல் ஒட்டியிருக்கும்படி கீறித்தான் ஊற்றுவார். பிறகு அதைக் கழுவி, உட்புறத்தை வெளியே திருப்பி, துணி உலர்த்தும் கொடியில் கிளிப் மாட்டிக் காய வைப்பார். பக்கவாதம் வந்து இரண்டு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கும் அப்பாவின் டயப்பர்களைப் பழைய செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, நூலால் கட்டி, எடுப்பவருக்குத் தெரியட்டும் என்று மேலே சிவப்பு மையால் குறியும் போட்டு வைப்பார். நேற்றுத் திரும்பி வந்தது அந்தச் சிவப்புக் குறிப் பொட்டலங்கள் இருந்த பைதான். "இதை வாங்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க ஆச்சி" என்றார் பணியாளர். போன மாதம் இதே பொட்டலம் மக்காத குப்பையோடு போயிற்று. அதற்கு முந்தைய மாதம் சாப்பாட்டுக் கழிவோடு போடச் சொன்னார்கள்.

நான் விதியை எதிர்க்கவில்லை. விதி எது என்று எழுதிக் கொடுங்கள் என்றுதான் குப்பை எடுக்கும் உள்ளாட்சி நிர்வாகத்திடம் கேட்கிறேன். 2026 மார்ச் வரை நடப்பில் இருந்த 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளைப் படித்துப் பார்த்தேன். பயன்படுத்திய டயப்பரை நன்றாகச் சுற்றி மக்காத குப்பைக்கான தொட்டியில் போட வேண்டும் என்றுதான் அதில் இருந்தது. சுற்றுவதற்கான உறையைத் தயாரிப்பாளரே தர வேண்டும் என்றும் இருந்தது. நான் வாங்கிய எந்தப் பாக்கெட்டிலும் அந்த உறை இருந்ததில்லை. அப்படியானால் என் அம்மா செய்த தவறு என்ன?

உடனே சிலர், வெயிலில் நின்று வேலை செய்யும் தூய்மைப் பணியாளரைக் குறை சொல்கிறாயே என்பார்கள். அவரை நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மேலே இருந்து வாரத்துக்கு ஒன்றாக வரும் வாய்மொழி உத்தரவுக்கு அவர் வாசல்வாசலாக ஏச்சு வாங்குகிறார். எழுதிய தாள் ஒன்று இருந்தால் அவருக்கும் அந்தத் துன்பம் இல்லை. ஊரில் பாதிப் பேர் பிரிப்பதே இல்லையே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பிரிக்கிற வீட்டின் படம் ஏன் குழுவில் வந்தது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சேரன்மகாதேவியில் அம்மாவைப் பெற்ற ஆச்சி வீட்டில் கொல்லையில் எருக்குழி இருந்தது. சாணமும் சருகும் காய்கறித் தோலும் அதில் விழும், வருடத்துக்கு ஒருமுறை வண்டி கட்டி வயலுக்குப் போகும். அந்த வீட்டிலிருந்து வந்த அம்மாவுக்குக் குப்பையைப் பிரிக்க யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அன்று வாங்கிய கருப்பட்டி ஓலைக் கொட்டானில் வந்தது. இன்று பிளாஸ்டிக்கும் அலுமினியத் தாளும் ஒட்டிய சாஷேயில்தான் பாதிப் பொருள் வருகிறது. அந்த அடுக்குகளைப் பிரித்து மறுசுழற்சி செய்வது ஆலைகளுக்கே கடினம். அதைச் செய்து விற்பவரிடம் கேட்காமல், வாங்கிய கிழவியிடம் கேட்கிறோம்.

2024 டிசம்பரில் திருநெல்வேலி அருகே நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கேரளத்து மருத்துவமனைக் கழிவைக் கொண்டுவந்து கொட்டினார்களே, அப்போது தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதைத் திரும்ப எடுத்துப் போகச் சொல்லி உத்தரவிட்டது. சில நாட்களில் லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. எழுத்தில் ஓர் உத்தரவு இருந்தால் மாநில எல்லை தாண்டிக்கூட வேலை நடக்கிறது. எங்கள் தெருவுக்கு வேண்டியது அரைப் பக்கத் தாள்: எந்தக் கிழமை எது, எதில் கட்டுவது, எதை எடுக்க மாட்டீர்கள், எடுக்காததை நாங்கள் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது.

படத்தைப் போட்ட அண்ணாச்சி இதைப் படிப்பார் என்று தெரியும். உங்கள் வீட்டில் படுக்கையில் யாரும் இல்லை, அப்படி ஒரு நிலை உங்களுக்கு என்றும் வர வேண்டாம். அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். இன்று காலையும் கொடியில் ஐந்து பால் கவர்கள் காய்கின்றன. ஆனால் வண்டியின் மணிச் சத்தம் கேட்டதும் அம்மா வாசலுக்கு வரவில்லை. பையை என் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.