வாசிச்சதுதான் குத்தமா?

காலேஜ்ல ஒரு மேடம் பெரியபுராணம் நடத்தினத எடுத்து, "எங்க மதத்த கொலைகார மதம்னு சொல்லிட்டாங்க"ன்னு சுத்தவிட்டிருக்கற அந்த நாப்பது செகண்ட் வீடியோவ தயவுசெஞ்சு இனிமே யாரும் எனக்கு ஃபார்வர்டு பண்ணாதீங்க. காலேஜ் குரூப், ஸ்கூல் குரூப், சொந்தக்காரங்க குரூப்னு எல்லாத்துலயும் பாத்தாச்சு. எந்தக் காலேஜ், யாரு அந்த மேடம்னு நான் எழுதப் போறதில்ல. ஏற்கனவே அவங்க போட்டோவப் போட்டு வட்டம் போட்டு வேண்டிய மட்டும் திட்டியாச்சு, மன்னிப்புக் கடிதமும் எழுதி வாங்கியாச்சு, இதுக்கு மேல நான் வேற எதுக்கு.

ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவங்க என்ன சொன்னாங்க? சொந்தமா ஒரு வார்த்தை சொன்னாங்களா? பெரியபுராணத்துல திருஞானசம்பந்தர் புராணம், மதுரையில சைவரும் சமணரும் ஏட்ட நெருப்புலயும் ஆத்துலயும் போட்டுப் பாத்த அனல்வாதம் புனல்வாதம் முடிஞ்சு, தோத்துப்போன எண்ணாயிரம் சமணர் கழுவேறுற, அதாவது கூரான மரத்துல ஏத்தப்பட்டுச் சாகற இடம். அந்தப் பாட்ட வாசிச்சாங்க, அர்த்தம் சொன்னாங்க. அவ்ளோதான். சேக்கிழார் எழுதினத வாசிச்சாங்க. சைவப் பெரியவங்க பன்னிரண்டாம் திருமுறைன்னு தலைமேல வெச்சுக் கொண்டாடுற நூல்ல இருக்கறத, பாடத்திட்டத்துல இருக்கறத, வகுப்புல வாசிச்சாங்க. இதே கழுவேற்றம் ஆவுடையார்கோயில்ல ஓவியமா இருக்கு. சாமி கும்பிடப் போற சின்னப் பசங்ககூட பாக்குது. கோயில்ல வரைஞ்சு வெச்சா தப்பில்ல, காலேஜ்ல வாசிச்சா தப்பா?

சரி, அந்த நாப்பது செகண்டுக்கு அப்பறம் என்ன நடந்துச்சுன்னு யாராவது கேட்டீங்களா? எனக்குத் தெரியும், ஏன்னா நானும் அதே பாடம் நடத்தறவ. கழுவேறின பாட்டோட யாரும் நிறுத்த மாட்டாங்க. கொஞ்சம் முன்னாடியே சேக்கிழார் ஒரு விஷயம் சொல்றாரு. சம்பந்தருக்கு அந்தச் சமணர் மேல பகை இல்ல, ஆனாலும் சைவர்கள் தங்கியிருந்த மடத்துக்குத் தீ வெச்சவங்கங்கறதால பாண்டிய ராஜா அவங்களக் கழுவேத்தினத தடுக்காம இருந்தாருன்னு. 'மிகையிலா வேந்தன் செய்கை விலக்கிடாது இருந்த வேலை'ன்னு வரும். ஏன் தடுக்கலன்னு யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே கவிஞரே பதில் எழுதி வெக்கறாரு. அப்ப அவருக்கே அந்த இடம் மனசுல உறுத்தியிருக்குன்னு நான் நினைக்கிறேன். எவ்வளவு பெரிய கவிஞர் அவர்! இத ஒரு பொண்ணு கிளாஸ்ல எந்திரிச்சு "மிஸ், அப்ப சேக்கிழாருக்கே கஷ்டமா இருந்திருக்கோ"ன்னு கேட்டா, அந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்.

அடுத்தது வரலாறு. கழுவேத்தினது நிஜமா நடந்துச்சா? சம்பந்தர் காலம் 7ஆம் நூற்றாண்டு, சேக்கிழார் 12. நடுவுல எவ்வளவு தூரம். சமணர்கள் பக்கத்துல இப்படி ஒரு சம்பவத்தப் பத்தின அந்தக்காலக் குறிப்பு எதுவும் இல்ல. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி இத வரலாறா எடுத்துக்க முடியாதுன்னே எழுதியிருக்காரு. சம்பந்தருக்கு அப்பறமும் கழுகுமலைல சமணத் தீர்த்தங்கரர் சிற்பம் வரிசை வரிசையா செதுக்கியிருக்காங்க, மதுரைக்குப் பக்கத்துலயே கீழக்குயில்குடி சமணர்மலைல 9, 10ஆம் நூற்றாண்டு சமண வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கு. மதுரையில சமணமே ஒழிஞ்சுபோச்சுன்னா அத யாரு வெட்டினது? இன்னைக்கும் விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் தமிழ்ச் சமணர்கள் நம்மள மாதிரியே தமிழ் பேசிக்கிட்டு வாழறாங்க. "எங்க மதத்த கொலைகார மதம்னு சொல்லிட்டாங்க"ன்னு கத்தறீங்களே, அது நடந்திருக்காதுன்னு சொல்ற ஆதாரமும் அதே வகுப்புலதான் கிடைக்கும். உங்களுக்குச் சாதகமான வாதத்தையும் சேத்துதான் மூடறீங்க. அந்தப் பக்கம் "ஆமா எண்ணாயிரம் பேரக் கொன்னாங்க, சேக்கிழாரே சாட்சி"ன்னு போஸ்டர் போடறவங்களுக்கும் இதேதான். ரெண்டு பேருமே அந்த ஒரு மணி நேரம் உக்காந்து கேக்கணும்.

"உங்க வீட்ல யாராவது சாமி கும்பிடறாங்களா"ன்னு ஒருத்தர் கமெண்ட்ல கேட்டிருந்தாரு. கும்பிடறாங்க சார். எங்கப்பா தெனமும் காலைல தேவாரம் ஓதிட்டுதான் காபியத் தொடுவாரு. நான் எம்.ஏ. படிக்கறப்ப, சம்பந்தர் அனேகமா ஒவ்வொரு பதிகத்துலயும் பத்தாவது பாட்டுல சமணரையும் சாக்கியரையும், அதாவது பௌத்தரையும், திட்டறாரேப்பா, ஏன்னு கேட்டேன். கோவம் வந்துச்சு அவருக்கு. ரெண்டு நாள் சரியா பேசல. அப்பறம் அவரே கூப்ட்டு, பள்ளிக்கூடம் படிக்கற காலத்துலேர்ந்து ஓதறேன், அந்தப் பத்தாவது பாட்ட நின்னு யோசிச்சதே இல்லம்மா, அந்தக் காலத்துல என்னதான் நடந்துச்சு சொல்லுன்னாரு. ராஜா யாரு பக்கம், நெலம் யாருக்குப் போச்சு, சமணப் பள்ளி எங்க இருந்துச்சு, கோயில் எப்ப வந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சத எல்லாம் சொன்னேன். இன்னமும் ஓதறாரு. பத்தாவது பாட்டையும் சேத்துதான் ஓதறாரு. எங்கப்பாவோட பக்திக்கு ஒரு கொறையும் வரல. ஓதுவார் வீட்டுப் பிள்ளையான எழுபது வயசு எங்கப்பாவுக்கு வராத கொறை, வயசு பதினெட்டு ஆகி ஓட்டுப் போடற பசங்களுக்கு வந்துடுமா?

"ஏன் எங்க மதத்த மட்டும்"னு கேக்கறவங்களுக்கு: சிலபஸ எடுத்துப் பாருங்க. உமறுப்புலவரோட இஸ்லாமியக் காப்பியம் சீறாப்புராணம் இருக்கு, வீரமாமுனிவரோட கிறிஸ்தவக் காப்பியம் தேம்பாவணி இருக்கு, பௌத்தரோட மணிமேகலை இருக்கு, சமணரோட சீவக சிந்தாமணி இருக்கு. என் கிளாஸ்ல திருப்பாவைய அவ்வளவு அழகா வாசிக்கறது ஒரு முஸ்லிம் பொண்ணு. கம்பன வாழ்நாள் முழுக்கப் பேசின நீதிபதி மு.மு. இஸ்மாயில் யாரு? சைவத் திருமடத்துல படிச்ச உ.வே.சா., சிந்தாமணி புரியலன்னு கும்பகோணத்துச் சமணர் வீட்டுக்குப் போய் சந்தேகம் கேட்டுத் தெளிஞ்சுதானே 1887ல பதிப்பிச்சாரு? அந்தச் சிந்தாமணிய சோழ ராஜா ரசிச்சுப் படிச்சது புடிக்காமதான் சேக்கிழார் பெரியபுராணமே பாடினார்னு ஒரு மரபு இருக்கு. ஒண்ணுக்கு எதிரா பொறந்த இன்னொண்ணு, ரெண்டையும் ஒரே செமஸ்டர்ல படிக்கறோம். இதவிட நமக்குப் பெருமை வேற என்ன வேணும்?

"அவங்க சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க"ன்னு ஒரு புகார். அதுக்கெல்லாம் என்னால பதில் சொல்ல முடியாது.

இது இங்க மட்டும் நடக்கல. 2011ல டெல்லி பல்கலைக்கழகத்துல ராமாயணங்களப் பத்தின ஏ.கே. ராமானுஜன் கட்டுரைய வரலாற்றுப் பாடத்துலேர்ந்து தூக்கினாங்க. 2021ல அதே எடத்துல நம்ம தமிழ் எழுத்தாளர்கள் பாமாவையும் சுகிர்தராணியையும், வங்காள எழுத்தாளர் மகாஸ்வேதா தேவியையும் ஆங்கில இலக்கியப் பாடத்துலேர்ந்து எடுத்தாங்க. அப்ப நாம இங்க உக்காந்து எவ்வளவு கோவப்பட்டோம்! இப்ப அந்த மேடத்த திட்டி ஸ்டேட்டஸ் வெச்சிருக்கற ரெண்டு பேரு அன்னைக்கு என்கூட சேந்து கோவப்பட்டவங்க. அதுதான் எனக்குத் தாங்கல.

இன்னொண்ணும் சொல்லணும். அவங்க கௌரவ விரிவுரையாளர். மே மாசம் சம்பளம் கிடையாது, அடுத்த வருஷம் வேலை உண்டான்னு தெரியாது, வீட்ல ரெண்டு கொழந்தைங்க. நிரந்தரப் பேராசிரியர் ஒருத்தர் இதே பாட்ட நடத்தியிருந்தா இவ்வளவு சுலபமா கடிதம் எழுதி வாங்கியிருப்பாங்களா? கூட நின்னு ஒரு வார்த்தை சொல்ல அந்த டிபார்ட்மென்ட்ல ஒருத்தருக்குமா வாய் வரல? இத்தனைக்கும் அவங்க எல்லாருமே அந்தப் பாட்ட வருஷா வருஷம் நடத்தறவங்க.

இன்னைக்கு எங்க டிபார்ட்மென்ட்லயும் பேச்சு வந்துச்சு. எதுக்கு வம்பு, அந்தப் பகுதிய எடுத்துட்டு பெரியபுராணத்துலயே சுந்தரர் கல்யாணத்த சிவன் வந்து தடுக்கற தடுத்தாட்கொண்ட புராணத்த வெச்சிடலாம், எல்லாருக்கும் புடிச்ச கதைன்னு. அதுவும் நல்ல பாடம்தான், நான் ஆசையா நடத்துவேன். ஆனா இதுக்குப் பதிலா அதுன்னு எழுதி வந்த பேப்பர்ல நான் கையெழுத்துப் போடல. வர்ற வாரம் அதே பாட்டத்தான் நடத்தப் போறேன், மதியம் ரெண்டாவது பீரியட். பெத்தவங்க யாருக்காவது சந்தேகம்னா முதல்வர்கிட்ட அனுமதி வாங்கிட்டு வந்து கடைசி பெஞ்சுல உக்காந்து முழுசா கேளுங்க.