பியானோ பெண்ணைத் தின்றால் உங்களுக்கு என்ன கஷ்டம்?

எங்கள் சேலம் திரைப்படக் குழுவின் ஞாயிற்றுக்கிழமை திரையிடலில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு குழுவின் வாட்ஸப்பில் வந்த அந்த "வருத்தம் தெரிவிக்கிறோம்" செய்தியைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. யாரிடம் வருத்தம் தெரிவிக்கிறார்கள் தெரியுமா? பாதிப் படத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட பார்வையாளர்களிடம் என்று நினைத்தால் நீங்கள் அப்பாவி. இப்படி ஒரு படத்தைப் பார்க்க வைத்ததற்காகச் சிறப்பு விருந்தினராக வந்த பேராசிரியரிடம்! நல்லா இருக்குங்க நியாயம்.

வந்திருந்தவர்களுக்கு எல்லாம் தெரியும். வராதவர்கள் இதற்குள் ஆளுக்கு ஒரு விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதனால் ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பசங்க சிரித்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சிரிக்கிற இடத்தில்தான் சிரித்தார்கள். படத்தை நிறுத்தினார்களே, அதுதான் என் பிரச்சினை. பிடிக்காதவர் எழுந்து வெளியே போய் டீ குடித்திருக்கலாம். அவருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக உட்கார்ந்திருந்த அத்தனை பேரின் படத்தையும் நிறுத்த அவர் யார்?

படம் 'ஹவுஸ்'. ஜப்பான், 1977, இயக்கம் நொபுஹிகோ ஒபயாஷி. ஏழு பள்ளிக்கூடப் பெண்கள் கோடை விடுமுறைக்கு ஒருத்தியின் பெரியம்மா வீட்டுக்குப் போகிறார்கள். வீடு அவர்களை ஒவ்வொருத்தியாகத் தின்கிறது. கிணற்றில் குளிர வைத்த தர்பூசணியை எடுக்கப் போனவள் திரும்பி வருவதில்லை. தர்பூசணிக்குப் பதில் அவள் தலைதான் மேலே வரும். ஒருத்தி மீது மெத்தைகள் பாய்ந்து அமுக்கும். இன்னொருத்தி ஆசையாகப் பியானோ வாசிப்பாள். பியானோ முதலில் விரலைக் கடிக்கும், அப்புறம் ஆளையே விழுங்கும். சரியாக அந்த இடத்தில்தான் நம் பேராசிரியர் எழுந்தார். "இது கார்ட்டூனா, சினிமாவா? உலக சினிமா என்று சொல்லிக்கொண்டு இந்தக் குப்பையையெல்லாம் போட்டுப் பிள்ளைகளைக் கெடுக்காதீர்கள்" என்றார். அவ்வளவுதான். குழுவை நடத்துகிற நம் அண்ணன் ஓடிப்போய், படத்தை நிறுத்தும் பட்டனைத் தேடக்கூடப் பொறுமையில்லாமல், ப்ரொஜெக்டரிலிருந்து வயரையே பிடுங்கினார். திரை நீலமாக நின்றது. மூலையில் 'சிக்னல் இல்லை' என்று ஒரு சின்னக் கட்டம் அங்கேயும் இங்கேயும் மிதந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே அரை மணி நேரம் 'நல்ல சினிமா என்றால் என்ன' என்று உரை கேட்டோம். பசங்க கைதட்டவும் செய்தார்கள், பாவம்.

"குழந்தைத்தனமாக இருந்தது" என்பது முதல் குற்றச்சாட்டு. ஆமாங்க, குழந்தையிடம் கேட்டு எடுத்த படம் அப்படித்தான் இருக்கும். 1975-ல் வந்த 'ஜாஸ்' சுறா உலகம் முழுக்க வசூலை அள்ளியதும், காட்ஸில்லா எடுத்த தோஹோ கம்பெனிக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஆசை. விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஒபயாஷியிடம் கேட்டார்கள். சார்லஸ் பிரான்சனை வைத்து ஆண்களுக்கான வாசனைப் பொருள் விளம்பரம் எடுத்த மனிதர் அவர். வீட்டுக்குப் போய்த் தன் சின்ன மகள் சிகுமியிடம், "உனக்கு எதைக் கண்டால் பயம்?" என்று கேட்டிருக்கிறார். கண்ணாடியில் தெரிகிற என் உருவமே வெளியே வந்து என்னைத் தின்றால்? பியானோ விரலைக் கடித்தால்? அடுக்கி வைத்த மெத்தை மேலே சரிந்தால்? தாத்தா வீட்டுக் கிணற்றுத் தர்பூசணி ஆளின் தலையாக இருந்தால்? படத்தில் நீங்கள் பார்த்தது அந்தச் சிறுமியின் பட்டியலைத்தான். பெரியவர்கள் யோசித்தால் பேய்க்கு ஒரு பழிவாங்கும் காரணம் வைப்போம், மந்திரவாதி ஒருவரைக் கூட்டி வருவோம். குழந்தைக்கு மெத்தையே போதும்.

இதையெல்லாம் படத்துக்கு முன்னால் பேசலாம் என்று குறிப்பெடுத்து வைத்திருந்தேன். 'நேரமில்லை, விருந்தினர் பேசட்டும்' என்றார்கள். சரி என்று உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது நான் சொல்லப் போவதுதான் எனக்கு உண்மையிலேயே வலித்த விஷயம். ஒபயாஷி 1938-ல் ஹிரோஷிமா மாகாணத்தில் ஒனோமிச்சி என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயது நண்பர்களை அணுகுண்டுக்குப் பறிகொடுத்தவர். அந்தப் பெரியம்மா ஏன் பெண்களைத் தின்கிறாள்? கல்யாணம் நிச்சயமானவன் போருக்குப் போய்த் திரும்பவே இல்லை. காத்திருந்து காத்திருந்து செத்தே போனாள், செத்த பிறகும் காத்திருக்கிறாள். கல்யாணமாகாத பெண்கள் அந்த வீட்டுக்கு வந்தால் விழுங்குகிறாள். ரயிலில் போகும்போது இந்தக் கதையைத் தோழிகள் பழைய ஊமைப்படம் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். அணுகுண்டுப் புகை வானத்தில் எழும்பும். ஒரு பெண், "பஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கு" என்பாள்.

போரைப் பார்த்த தலைமுறைக்கும் பார்க்காத தலைமுறைக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தை இதைவிடச் சின்னதாக, இதைவிடக் கொடூரமாகச் சொன்ன ஒரு வசனத்தை எனக்குக் காட்டுங்கள். இந்தக் காட்சி ஓடும்போது பேராசிரியர் போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார். நான் பின்வரிசையில்தான் இருந்தேன். அவர் முகத்தில் வெளிச்சம் தெரிந்தது.

சரி, அவரை விடுங்கள். படம் வந்தபோது ஜப்பானிலும் பெரிய விமர்சகர்கள் இப்படித்தான் முகம் சுளித்தார்கள். இளைஞர்கள்தான் கூட்டம் கூட்டமாகப் போய் ஓட வைத்தார்கள். அங்கே யாரும் ப்ரொஜெக்டர் வயரைப் பிடுங்கியதாகத் தெரியவில்லை.

"பேய்ப்படமெல்லாம் உலக சினிமாவில் சேருமா?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். எதிரே வந்தால் கட்டிப்பிடித்திருப்பேன். ஐயா, போன வருடம் இதே குழு கனெட்டோ ஷிண்டோவின் 'நிர்வாணத் தீவு' போட்டதே, ஞாபகம் இருக்கிறதா? வசனமே இல்லாமல் ஒரு குடும்பம் தண்ணீர் சுமந்துகொண்டே இருக்கும், 1960-ல் வந்த படம், மாஸ்கோ விழாவில் பரிசு வாங்கியது. முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். அதே ஷிண்டோ நாலே வருடத்தில், 1964-ல், 'ஓனிபாபா' எடுத்தார். ஆளுயர நாணல் காட்டுக்குள் ஒரு மாமியாரும் மருமகளும். வழி தவறி வருகிற போர் வீரர்களைக் கொன்று, உடலைக் குழியில் தள்ளிவிட்டு, கவசத்தை விற்றுச் சாப்பிடுகிறார்கள். அப்புறம் ஒரு பேய் முகமூடி வருகிறது. முதல் படத்தில் தண்ணீருக்குப் பாடுபட்ட அதே ஏழைகள்தான் இதில் சோற்றுக்குக் கொலை செய்கிறார்கள். ஒன்றுக்கு எழுந்து நிற்பீர்கள், இன்னொன்றுக்கு வயரைப் பிடுங்குவீர்களா?

ரஷ்யப் படம் என்றாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிற தோழர்களுக்கு ஒரு தகவல். 1967-ல் சோவியத் அரசின் மாஸ்ஃபிலிம் ஸ்டூடியோவே ஒரு பேய்ப்படம் எடுத்தது. 'வீ', எழுத்தாளர் கோகோலின் கதை. ஒரு மடத்து மாணவன் செத்த பெண்ணுக்காக மூன்று இரவு தேவாலயத்தில் தனியாக உட்கார்ந்து வேதம் படிக்க வேண்டும். சாக்பீஸால் தன்னைச் சுற்றி வட்டம் போட்டுக்கொள்கிறான். சவப்பெட்டி பறக்கிறது. சோவியத் அரசாங்கமே பறக்கவிட்ட சவப்பெட்டி, தோழர்! குப்பை என்று சொல்ல மனசு வருமா?

இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும். பியானோ பெண்ணைத் தின்ற மறு வருடம், 1978-ல், விட்டலாச்சாரியாவின் 'ஜெகன்மோகினி' வந்தது. விறகுக்குப் பதில் பேய் தன் காலையே அடுப்பில் வைத்துச் சமைக்குமே, அந்தப் படம். தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்து பட்டிதொட்டியெல்லாம் ஓடியது. என் அம்மா அதை அயோத்தியாப்பட்டணத்துப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் மண்தரையில் உட்கார்ந்து பார்த்தவர். மறுநாள் காலையில் அடுப்பு பற்ற வைக்கப் பயந்து, சித்தியைத் துணைக்கு உட்கார வைத்துக்கொண்டாராம். இன்றைக்குக் கேட்டாலும் அந்தக் காட்சியைச் சொல்லி முதலில் சிரிப்பார், அப்புறம் "ஆனா அன்னைக்கு நெசமாலுமே பயமா இருந்துச்சு கண்ணு" என்பார். சிரிப்பும் பயமும் சேர்ந்தே வரும் என்பது அவருக்குத் தெரிகிறது. படித்தவர்களுக்குத்தான் ஏதாவது ஒன்றுதான் வர வேண்டும்.

"இளைஞர்களுக்குப் புரியாது, ஊர் பேர் தெரியாத படங்கள், மொழி வேறு தெரியாது" என்று இன்னொரு அக்கறை. இதற்குத்தான் எனக்குக் கோபம் அதிகம். யாருக்கு எது புரியும் என்று நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்?

ஏற்காட்டில் என் மச்சான் ஒரு காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். ஒரு மழைக்காலத்தில் அங்கே போய்த் தங்கியிருந்தோம். கரண்ட் இருந்த ஒரு ராத்திரி, லைன் வீட்டுப் பக்கம் காபிக் கொட்டை கொட்டி வைக்கிற கூடத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி ப்ரொஜெக்டர் போட்டேன். தாய்லாந்துப் படம், 'நாங் நாக்', 1999. கணவன் போருக்குப் போயிருக்கிறான். அவள் பிரசவத்தில் பிள்ளையோடு செத்துப்போகிறாள். அவன் திரும்பி வரும்போது வீடு இருக்கிறது, மனைவி இருக்கிறாள், பிள்ளை இருக்கிறது. அவள் செத்தது ஊருக்கே தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. இது கற்பனைக் கதையாகக்கூட அங்கே நினைக்கப்படுவதில்லை. பாங்காக்கில் மகாபுட் என்கிற புத்தர் கோயிலில் அவளுக்குச் சன்னதியே இருக்கிறது. சேலை சாத்துகிற மாதிரி அவளுக்குத் துணி கொண்டுவந்து வைக்கிறார்கள், பிள்ளைக்குப் பொம்மை வைக்கிறார்கள்.

பனி கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் புகை மாதிரி சுழன்றது. சப்டைட்டில் படிக்கத் தெரியாதவர்கள் பாதிப் பேர். கொஞ்ச நேரம் நான் கதை சொன்னேன், அப்புறம் "நீ சும்மா இரு சாமி, தெரியுது" என்று அடக்கிவிட்டார்கள். முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "வயித்துப் பிள்ளையோட போனவளுக்குச் சுமைதாங்கி நட்டிருக்கோணும். கல்லு நட்டிருந்தா பாரத்தை எறக்கி வெச்சிட்டுப் போயிருப்பா. அந்த ஊருக்காரங்களுக்கு அது தெரியல பாரு."

தாய்லாந்து எங்கே இருக்கிறது என்று அந்தப் பாட்டிக்குத் தெரியாது. ஒரு படத்தை அதைவிட நெருங்கி வந்து யாரும் பேசி நான் கேட்டதில்லை, பல்கலைக்கழகக் கருத்தரங்குகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். புரியாதாம்!

"குடும்பத்தோடு வந்திருந்தார்கள், சில காட்சிகள் சங்கடமாக இருந்தன" என்கிறார்கள். அறிவிப்பிலேயே 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று போட்டிருந்தேன். சரி, அதை விடுங்கள். "இதுபோன்ற படம் போட்டுத் தன்னை வித்தியாசமானவன் என்று காட்டிக்கொள்கிறான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார் பாருங்கள், அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். நான் என்னைக் காட்டிக்கொள்ள நினைத்திருந்தால் ஏங்க இரவு இரவாக உட்கார்ந்து அந்தப் படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் போடுகிறேன்? ஆங்கிலத்திலேயே போட்டுவிட்டு, புரிந்தவன் புரிந்துகொள் என்று கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க மாட்டேனா? வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, பிள்ளை தூங்கிய பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு வரி வரியாக நேரம் பொருத்தியது. அந்த வரிகளில் பாதி இன்னும் யார் கண்ணிலும் படவில்லை. பியானோவுக்கு அப்புறம் வருகிற எல்லாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் இருக்கட்டும் என்று பார்த்தேன், முடியவில்லை. விருந்தினர் பேச்சை எப்படி ஆரம்பித்தார்? "மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த மண்ணில் இப்படியா" என்று. ஏற்காட்டு ரோட்டில் அந்தப் பழைய ஸ்டூடியோவின் வளைவு முன்னால் செல்ஃபி எடுத்துவிட்டு வந்திருப்பார் போல. மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் என்ன எடுத்தார் என்று தெரியுமா அவருக்கு? 1952-ல் அமெரிக்காவின் லிப்பர்ட் கம்பெனியோடு சேர்ந்து 'தி ஜங்கிள்', தமிழில் 'காடு'. ராட் கேமரூன், சீசர் ரொமெரோ, மேரி விண்ட்சர் என்று ஹாலிவுட் ஆட்கள். கதை என்னவென்றால் காட்டில் யானைகள் மிரள்கின்றன, ஏன் என்று பார்த்தால் மாமூத்! பல்லாயிரம் வருடத்துக்கு முன்னால் அழிந்துபோன மாமூத். அதை எப்படிக் காட்டினார்கள்? நம்மூர் யானைக்கே ரோமச் சட்டை மாட்டிவிட்டார்கள். வெளிநாட்டில் பழைய பி-கிரேடு படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிற கிறுக்கர்கள் இன்றைக்கும் அதைத் தேடிப் பார்க்கிறார்கள். நாமக்கல், ஈரோடு, தர்மபுரிக்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய பெருமை இது. யானைக்குக் கம்பளி போர்த்தின ஊரில் உட்கார்ந்துகொண்டு பியானோவைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள்!

அண்ணன் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. குழு ஆரம்பித்த காலத்திலிருந்து கூட இருக்கிறேன், நாற்காலி தூக்கியிருக்கிறேன், வாடகைக்குக் கை மாற்றி விட்டிருக்கிறேன், கணக்கு சொல்லிக்காட்டவில்லை. ஆனால் அண்ணே, அன்றைக்கு நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, நிறுத்தட்டுமா?" என்று ஒரு வார்த்தை. வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம்.

அடுத்த திரையிடல் எங்கள் வீட்டு மொட்டை மாடியில். 'ஓனிபாபா'. சிறப்பு விருந்தினர் கிடையாது, உரை கிடையாது. பாயும் கொசுவர்த்தியும் கொண்டு வாருங்கள், மாடியில் அஸ்தம்பட்டி கொசு அத்தனையும் இருக்கிறது. 'ஹவுஸ்' மிச்சப் பாதியைப் பார்க்க வேண்டும் என்று இன்பாக்ஸில் கேட்ட கல்லூரிப் பசங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் கோப்பை இன்று இரவே அனுப்பிவிடுகிறேன். குழுவின் பொது டிரைவில் போடச் சொல்லி ஒருவர் கேட்டிருக்கிறார். அதில் போட மாட்டேன். மன்னிக்கவும், போட மாட்டேன்.