யோசிக்க விடுங்களய்யா!

ஒரு எழுத்தைக் கொடுத்து அதில் தொடங்கும் சினிமாப் பாட்டைப் பாடச் சொல்லும் பழைய 'பாட்டுக்குப் பாட்டு' போட்டியை மறுபடியும் தூசி தட்டி எடுத்து வந்திருக்கிறார்கள். சேனலின் பெயர் இங்கே முக்கியமில்லை, எல்லோரும் இதையேதான் செய்கிறார்கள். 'உங்கள் வீட்டு வரவேற்பறைக்கு அந்தப் பொற்காலம் திரும்புகிறது' என்று வாரக்கணக்கில் விளம்பரம். நம்பி உட்கார்ந்தோம். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் போட்டியாளர்கள் வாயைத் திறந்து பாடிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் வயிறு எரிகிறது.

மீதி நேரத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். புகைக்கு நடுவே நடுவர்கள் ஒவ்வொருவராக நடந்து வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நடனக் குழு. அப்புறம் தொகுப்பாளர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கலாய்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு சீரியல் நடிகையிடம் 'அ' என்ற எழுத்தைக் கொடுத்தார்கள். அவர் யோசிக்கத் தொடங்கியதும் பேய்ப் படத்துக்குப் போடுகிற பின்னணி இசை. நடுவரின் முகம், எதிரணியின் முகம், மறுபடி நடிகையின் முகம். அவர் வாயைத் திறக்கப் போகும் நேரத்தில் இடைவேளை! இடைவேளை முடிந்து வந்தால் அதே காட்சியை ஆரம்பத்திலிருந்து மறுபடி ஓட்டுகிறார்கள். 'அ' என்ற எழுத்துக்கு ஒரு பாட்டுச் சொல்ல இத்தனை ஆர்ப்பாட்டமா? தமிழ்ச் சினிமாவில் 'அ'வில் தொடங்கும் பாட்டுக்கா பஞ்சம்?

சரி, இதெல்லாம் வழக்கமான சேனல் கூத்து என்று விட்டுவிடலாம். என்னால் விட முடியாதது வேறு. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே திரையின் கீழே மூன்று பாட்டின் முதல் வரியை எழுத்தாகப் போட்டுக் காட்டினார்கள். விளையாட்டை இதைவிட மோசமாக யாராலும் கெடுக்க முடியாது. ஒரு எழுத்தைச் சொன்னதற்கும் மேடையில் இருப்பவர் பாடத் தொடங்குவதற்கும் நடுவில் சில நொடிகள் இருக்கின்றனவே, அந்த நொடிகள் மேடையில் நிற்பவருக்கு மட்டும் உரியவை அல்ல. வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் உரியவை. அந்த நொடிகளில்தான் நாங்கள் விளையாடினோம். அவருக்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்ற துடிப்பில்தான் வாராவாரம் பார்த்தோம். அதை எடுத்துவிட்டு எங்களுக்கு என்ன தருகிறீர்கள்?

'பாட்டுக்குப் பாட்டு' எங்கிருந்து வந்தது என்றாவது இந்தத் தயாரிப்பாளர்கள் விசாரித்திருக்கிறார்களா? அது வானொலியில் பிறந்த பிள்ளை. 1952இல் மத்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்தியபோது, இந்தியா முழுக்கப் பாட்டுப் பிரியர்கள் இலங்கை வானொலியின் பக்கம் போனார்கள். 1957இல் அகில இந்திய வானொலியே சினிமாப் பாட்டு ஒலிபரப்ப விவித பாரதி என்ற சேவையைக் கொண்டுவந்த பிறகும் தமிழ்நாட்டில், குறிப்பாகத் தென் மாவட்டங்களில், இலங்கையின் தமிழ்ச் சேவையைக் கேட்கிற பழக்கம் பல ஆண்டுகள் போகவில்லை. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களின் பெயர் இங்கே வீட்டுக்கு வீடு தெரியும். அந்த வானொலியிலிருந்து வந்த அப்துல் ஹமீத்தான் தொண்ணூறுகளில் சன் டிவியில் 'லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு' நடத்தினார். முகமே தெரியாத வானொலியில் குரலை மட்டும் வைத்து லட்சக்கணக்கானவர்களைப் பிடித்து வைக்கக் கற்றவர் அவர். அவருக்குப் புகையும் தேவைப்படவில்லை, பட்டாசும் தேவைப்படவில்லை.

அவருக்கு என்ன தெரியும்? பாட்டு தெரியும். அது எந்தப் படம், யார் எழுதியது, யார் இசை, யார் பாடியது என்று கையில் அட்டை இல்லாமல் சொல்வார். அதைவிட முக்கியம், அவருடைய தமிழ் உச்சரிப்பு. இது எழுத்தை வைத்து ஆடும் ஆட்டம். ல, ள, ழ மூன்றும் காதில் மூன்றாக விழ வேண்டும். ர, ற வேறாக விழ வேண்டும். ஹமீதின் வாயில் அவை அப்படி விழுந்தன. நான் பார்த்த புது நிகழ்ச்சியில் தொகுப்பாளர் 'ற' என்ற எழுத்தைக் கொடுக்கிறார்! தமிழில் ஒரு சொல்லாவது 'ற'வில் தொடங்குமா? பள்ளிக்கூடத்தில் மொழி முதல் எழுத்து என்று சொல்லிக்கொடுத்தார்களே, அது எங்கே போனது? போட்டியாளரும் 'ரா' என்று தொடங்கும் ஒரு பாட்டைப் பாட, நடுவர் மூவரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். எழுத்து தெரியாதவர்களை உட்கார வைத்து எழுத்து விளையாட்டு நடத்துவது என்ன நியாயம்?

எழுத்தில்தான் இந்த ஆட்டத்தின் சூட்சுமமே இருக்கிறது. சுலபமான எழுத்து வந்தால் எதைப் பாடுவது என்று தெரியாமல் திணறுவோம், ஏனென்றால் பத்துப் பாட்டு ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து நிற்கும். 'ஞா', 'யு', 'வே' என்று கொஞ்சம் அபூர்வமானது வந்தால் மனது பழைய பாட்டுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கும். எங்கள் அம்மா இதில் கெட்டிக்காரர். அரிசி களைந்துகொண்டே சமையலறையிலிருந்து பாட்டை எடுத்துவிடுவார், அதுவும் பல்லவியை முழுசாக. அப்பாவுக்கு பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடியதைத் தவிர வேறெதுவும் பாட்டே இல்லை, ஆனால் அந்த வட்டத்துக்குள் அவரை அசைக்க முடியாது. தங்கைக்குப் புதுப் படங்கள். மூன்று தலைமுறைப் பாட்டும் ஒரே கூடத்தில் மோதிக்கொள்ளும். "அது பல்லவி இல்லை, சரணம், செல்லாது" என்று சண்டை வரும். மேடையில் யார் ஜெயித்தார் என்பது பல வாரம் எங்களுக்கு நினைவில்கூட இருந்ததில்லை. இப்போது அதே அம்மா புது நிகழ்ச்சியின் முன்னால் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு பார்க்கிறார். விடையைத் திரையில் எழுதிப் போட்ட பிறகு அவர் எதைச் சொல்வார்?

இது நம்மூர் வியாதி மட்டுமல்ல என்பதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்புகிறது. ஹிந்தியில் ஜீ டிவியின் 'அந்தாக்ஷரி' 1993இல் தொடங்கியது. அன்னு கபூர் நடத்தினார். தீவானே, பர்வானே, மஸ்தானே என்று மூன்று அணி. தமிழ் வீடுகளில் ஹிந்தி புரியாதவர்கள்கூட மெட்டுக்காகப் பார்த்த நிகழ்ச்சி அது. 2007இல் ஸ்டார் ஒன் சேனலில் அதே அன்னு கபூரை வைத்து வேறு வடிவில் கொண்டுவந்தார்கள். ஆளைத் திரும்பக் கொண்டுவந்தும் பழைய பிடிப்பு வரவில்லை என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் 'நேம் தட் ட்யூன்' என்று ஒன்று உண்டு. அதுவும் 1952இல் வானொலியில் பிறந்து, அடுத்த ஆண்டே தொலைக்காட்சிக்கு வந்தது. வாத்தியக் குழு மெட்டை வாசிக்கும், போட்டியாளர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். டாம் கென்னடி நடத்திய எழுபதுகளின் வடிவத்தில் ஒரு சுற்றைப் பற்றிப் படித்தாலே உடம்பு சிலிர்க்கிறது. தொகுப்பாளர் பாட்டைப் பற்றி ஒரு குறிப்பு மட்டும் சொல்வார். "ஐந்து ஸ்வரத்தில் சொல்வேன்" என்பார் ஒருவர். "நான்கில்" என்பார் எதிராளி. ஏலம் இறங்கிக்கொண்டே வந்து, யாராவது ஒருவர் "சரி, சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று சவால் விட்டதும் பியானோவில் அந்த எண்ணிக்கை ஸ்வரம் மட்டும் விழும். அதோடு நின்றுவிடும். அமைதி. கடைசிச் சுற்றில் முப்பது நொடிக்குள் ஏழு பாட்டு. அரட்டைக்கு அங்கே இடமே கிடையாது. இன்னொரு விஷயம், 1957இல் அந்த நிகழ்ச்சியில் எடி ஹாட்ஜஸ் என்ற பத்து வயதுச் சிறுவனும் ஜான் க்ளென் என்ற ராணுவ விமானியும் ஒரே அணியாக ஆடினார்கள். ஐந்து வருடம் கழித்து அதே க்ளென் விண்கலத்தில் பூமியைச் சுற்றி வந்தார். வயது வித்தியாசம் பார்க்காமல் ஒரு பையனையும் ஒரு விமானியையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தது பாட்டு.

'நேம் தட் ட்யூன்' நிகழ்ச்சியை 1984இல் ஒருமுறை மீட்டார்கள், ஒரே பருவத்தில் முடிந்துபோனது. 2021இல் ஃபாக்ஸ் சேனல் மறுபடி எடுத்தது. அவர்களைப் பாராட்ட ஒரு காரணம் இருக்கிறது: மேடையில் நிஜமான வாத்தியக் குழுவை உட்கார வைத்தார்கள், ஸ்வர ஏலத்தையும் கைவிடவில்லை. ஆனால் அடுத்த பருவத்திலேயே பிரபலங்களை இறக்கிவிட்டார்கள். அங்கேயும் அதே பிடிவாதம்! பாட்டுப் பைத்தியமாக இருக்கும் ஒரு தபால்காரரையோ, பள்ளி ஆசிரியையையோ மேடையேற்றினால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று இவர்களிடம் யார் சொன்னது? தெரிந்த முகம் தோற்றால் எனக்கென்ன, ஜெயித்தால் எனக்கென்ன? என்னைப் போல ஒருவர் அங்கே நின்றால்தான் "ஐயோ, இது தெரியவில்லையா?" என்று நான் சோபாவிலிருந்து எழுவேன்.

இவர்கள் சொல்லும் காரணங்களும் எனக்குத் தெரியும். 'இன்றைய பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை' என்பார்கள். பொய். எந்தக் கல்லூரிச் சுற்றுலாப் பேருந்திலாவது ஏறிப் பாருங்கள். கடைசி இருக்கையில் இரவு பூராவும் அந்தாக்ஷரிதான். கல்யாணத்துக்கு முந்தைய இரவு மண்டபத்து மாடியில் பாய் விரித்து உட்கார்ந்து சித்தியும் சித்தியின் பேத்தியும் பாட்டுக்குப் பாட்டு ஆடுகிறார்கள். எல்லாருக்கும் பொறுமை இருக்கிறது. காத்திருக்க ஒரு காரணம் இருந்தால் காத்திருப்பார்கள்.

'பாட்டு உரிமைக்குப் பணம் கட்ட வேண்டும்' என்பது அடுத்த காரணம். இதில் உண்மை இருக்கிறது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கை உறுதி செய்தார்கள். அது நல்ல காரியம், அவர்களுக்குப் போக வேண்டிய பணம் போகத்தான் வேண்டும். ஆனால் அந்தச் செலவுக்குப் பயந்துகொண்டு வாராவாரம் அதே ஹிட் பாட்டுகளை மட்டும் சுற்றிச் சுற்றி விடுவதா? நடுவர் நாற்காலிக்குக் கொடுக்கிற சம்பளத்தையும் எல்.இ.டி. சுவருக்குக் கொடுக்கிற வாடகையையும் பாட்டுக்குக் கொடுங்கள். பாட்டு நிகழ்ச்சியில் பாட்டுக்குத்தானே செலவு செய்ய வேண்டும்?

அப்புறம் இந்த 'உணர்ச்சிகரமான பின்னணிக் கதை'. போட்டியாளர் வந்ததும் வயலின் அழுகிறது, அப்பா பட்ட கடன், அம்மாவின் நோய் என்று ஒரு தொகுப்பு. அந்தக் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் பாட வந்திருக்கிறார், பாட விடுங்கள். அவருக்கு எத்தனை பாட்டு தெரியும் என்று காட்ட வந்தவரை அழ வைத்து அனுப்புவது அவமரியாதை.

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. பாட்டு தெரிந்த, ழகரம் வருகிற ஒருவரைத் தொகுப்பாளராகப் போடுங்கள். சினிமாவிலோ சீரியலிலோ முகம் காட்டாத நாலு பேரை நிறுத்துங்கள், ஒருவருக்கு அறுபது வயது இருக்கட்டும், ஒருவருக்குப் பதினாறு. மேடையில் ஒரு தபேலா, ஒரு கீபோர்டு போதும். நடுவர் வேண்டாம், பாட்டு சரியா தப்பா என்று சொல்லத் தொகுப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுத்தைச் சொன்ன பிறகு பின்னணி இசையை நிறுத்துங்கள். திரையில் எதையும் எழுதாதீர்கள். அரை மணி நேரம் போதும். அடுத்த வாரம் நடனச் சுற்று என்று இப்போதே முன்னோட்டம் ஓடுகிறது. அதை ரத்து செய்துவிட்டு அந்த நேரத்தில் இப்படி ஒரே ஒரு எபிசோடு எடுத்துப் போட்டுப் பாருங்கள்.