1974 இல் வந்தது வளாகம், பல்கலைக்கழகம் இல்லை

நேற்றைய நேரலையைப் பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று விளங்கும். "1974 இல் யாழ்ப்பாணத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம் கிடைத்தது" என்று பேச்சாளர் சொல்ல, கீழே ஒரே கைதட்டல் படம். இல்லை ஐயா, அது வளாகம் என்று ஒரு வரி போட்டேன். உடனே நான் குழப்பவாதி. சரி, இருக்கட்டும்.

1972 இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் நாட்டிலிருந்த பல்கலைக்கழகங்களை எல்லாம் இலங்கைப் பல்கலைக்கழகம் என்று ஒரே நிறுவனமாக்கியது. பேராதனை, கொழும்பு, வித்தியோதய, வித்தியாலங்கார, கட்டுபெத்த எல்லாம் அதன் வளாகங்கள். துணைவேந்தர் ஒரே ஒருவர், அவர் இருந்தது கொழும்பில். 1974 ஓகஸ்டில் ஆறாவதாகச் சேர்ந்ததுதான் யாழ்ப்பாணம். பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடத்தில் கலை, வட்டுக்கோட்டையில் விஞ்ஞானம். அதை முதலில் நடத்திய பேராசிரியர் கைலாசபதி வளாகத் தலைவர்தான், துணைவேந்தர் இல்லை. 1978 சட்டத்துக்குப் பிறகு, 1979 ஜனவரியில்தான் எல்லாம் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் ஆயின. எங்களுக்கு வித்தியானந்தன் முதல் துணைவேந்தராக வந்ததும் அப்போதுதான்.

"இரண்டும் ஒன்றுதானே" என்கிறார்கள். என் சித்தப்பா வட்டுக்கோட்டையில் படித்தவர். அவருடைய பட்டச் சான்றிதழில் பெரிதாக இலங்கைப் பல்கலைக்கழகம் என்றுதான் இருக்கும். லண்டனில் ஓர் அலுவலகத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு பல்கலைக்கழகம் பட்டியலிலேயே இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஒன்றுதான் என்று அவரிடம் போய்ச் சொல்லுங்கள் பார்ப்போம்.

வளாகமாவது கிடைத்ததே என்றால், ஓம், கிடைத்தது. தமிழரசுக் கட்சி பல்கலைக்கழகத்தைத் திருகோணமலையில் கேட்டதே என்றால், அது வேறு சண்டை, இன்றைக்கு வேண்டாம். ஆனால் கைலாசபதியைச் சிறுமைப்படுத்துகிறேன் என்றார்களே, அதுதான் சுட்டது. கொழும்பைக் கேட்டுக் கேட்டு ஒரு வளாகத்தை நிமிர்த்திய மனிதருக்கு, இல்லாத அதிகாரத்தை எல்லாம் இருந்ததாகச் சொன்னால் அவர் பட்ட பாடு எங்கே போகும்? அதே காலத்தில்தானே பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும் வந்தது, தமிழில் பரீட்சை எழுதிய பிள்ளை கூடுதல் புள்ளி எடுத்தும் வெளியே நின்றது? தனிப் பல்கலைக்கழகமே கையில் இருந்ததென்றால் எங்கள் பிள்ளைகளை அப்போது வெளியே நிறுத்தியது யார், நாங்களேவா?

திரும்பவும் சொல்கிறேன், 1974 வளாகம், 1979 பல்கலைக்கழகம். "வயசு போன ஆக்களுக்கு வேற வேலை இல்லை" என்று எழுதிய தம்பிக்குக் கோபமில்லை. அவர் எழுதியது இன்னும் அங்கே இருக்கிறது, என்னுடைய ஒரு வரியைத்தான் காலையில் அழித்துவிட்டார்கள்.