ஆய்வகத்துக்கு வேண்டியது கண்ணாடிச் சுவர் இல்லை

மருந்து, உயிரித் தொழில்நுட்ப ஆய்வுக் கம்பெனிகளுக்கான உயிர் அறிவியல் பூங்கா என்று எங்கே அறிவித்தாலும் முதலில் வெளியிடுவது பளபளக்கும் கட்டடத்தின் படத்தைத்தான். கூரைக்கு மேலும் தரைக்கு அடியிலும் என்ன வைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஆய்வகத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

ஐடி அலுவலகத்துக்குக் கட்டியதை அப்படியே ஆய்வகமாக்கிவிடலாம் என்பது ஆபத்தான நினைப்பு. அலுவலகத்தில் ஏசி காற்று உள்ளேயே சுற்றிவரலாம். ரசாயனம் கையாளும் இடத்தில் உள்ளே வந்த காற்று முழுக்க வெளியே போயாக வேண்டும். பொதுவாக மணிக்கு 6 முதல் 12 முறை அறைக்காற்று மாறும். அந்தக் காற்றைக் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் ஓட, தளத்துக்குத் தளம் 4 மீட்டருக்கு மேல் உயரம் தேவை. கட்டி முடித்த பிறகு அதை யாராலும் கூட்ட முடியாது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் என்றால் பக்கத்துச் சாலையில் லாரி போகும் அதிர்வே படத்தைக் கலைத்துவிடும்.

அடுத்தது மின்சாரம். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் இருப்பவை நோயாளிகள் நம்பிக் கொடுத்த ரத்த மாதிரிகள், வருஷக்கணக்கில் வளர்த்த செல்கள். ராத்திரி கரண்ட் போய் ஜெனரேட்டரும் எடுக்கவில்லை என்றால் அவற்றைத் திரும்ப வாங்க எந்தக் கடையும் கிடையாது. தண்ணீரும் அப்படித்தான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தண்ணீர்ப் பற்றாக்குறையைச் சொல்லியே பெரிய கட்டுமானத் திட்டங்களுக்கு சுற்றுச்சூழல் முகமை ஆட்சேபம் தெரிவித்தது.

உயிரித் தொழில்நுட்பக் கம்பெனிகள் குவிந்திருக்கும் இடத்துக்கு, அமெரிக்காவில் பாஸ்டனை ஒட்டிய இன்னொரு கேம்பிரிட்ஜ் நகரின் கெண்டால் சதுக்கத்தை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். பக்கத்திலேயே எம்ஐடி பல்கலைக்கழகம், வாசலில் மெட்ரோ, எல்லாம் சரி. அந்த நகரம் மரபணு ஆய்வுக்கு 1977லேயே தெளிவான விதிமுறை போட்டதை மட்டும் மறந்துவிடுகிறார்கள். எது செய்யலாம், எது கூடாது என்று தெரிந்த ஊருக்குத்தான் கம்பெனிகள் துணிந்து வந்தன. பயோஜென் என்ற உயிரித் தொழில்நுட்பக் கம்பெனி 1982ல் வந்தது. 2013ல் லேப்சென்ட்ரல் என்ற பகிர்வு ஆய்வகம் வந்த பிறகு, ஒரே ஒரு ஆய்வு மேசையைக்கூட வாடகைக்கு எடுத்துத் தொழில் தொடங்க முடிந்தது.

என் ஆதங்கம் அதற்கு அடுத்த படியில்தான். அப்படித் தொடங்கிய கம்பெனியில் நாலு பேர் இருபது பேராகும்போது எங்கே போவார்கள்? கட்டட உரிமையாளர் கேட்பது பத்து வருஷக் குத்தகை. அவர்கள் கையில் இருக்கும் முதலீடோ ஒன்றரை, இரண்டு வருஷத்துக்குத்தான் வரும். பாஸ்டன் பகுதியில் ஆய்வகக் கட்டடங்களை அளவுக்கு மீறிக் கட்டிவிட்டு, இன்று ஏகப்பட்ட தளங்கள் காலியாகக் கிடக்கின்றன. இடம் இருந்தும் சின்னக் கம்பெனிக்கு வழி பிறப்பதில்லை.

அரசு நிலம் ஒதுக்கும்போதே நிபந்தனை போடட்டும்: ஒரு பங்கு இடம் ஃபியூம் ஹூட் (ரசாயனப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு), ஜெனரேட்டர், கழிவு அகற்றும் ஏற்பாடு எல்லாம் தயாராக, இரண்டு வருஷக் குத்தகைக்குக் கிடைக்க வேண்டும். அதற்குச் சம்மதிக்காதவருக்கு அந்த நிலத்தைக் கொடுக்கவே கூடாது.