பெட்டிக் கணக்கும் லைக் கணக்கும்

கோவில்பட்டியில் அச்சகம் வைத்திருப்பவன் நான். கடலைமிட்டாய், சேவு, கருப்பட்டி மிட்டாய் என்று இந்தப் பக்கத்துப் பலகாரங்களுக்கு லேபிளும் அட்டைப்பெட்டியும் அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. தீபாவளி ஆர்டர்கள் வரத் தொடங்கிவிட்டன. முன்பெல்லாம் பெட்டியின் நிறம், சாமி படம், லேமினேஷன் என்று பேச்சு போகும். இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்ததும் போனை நீட்டுகிறார்கள். "அண்ணாச்சி, நம் பேஜை எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் பாருங்கள்."

பார்க்கிறேன், பாராட்டவும் செய்கிறேன். ஆனால் எனக்கு ஒரு வசதி இருக்கிறது. லைக் கணக்கு அவர்கள் போனில் தெரியும்; பெட்டிக் கணக்கு என் பில் புத்தகத்தில் தெரியும். எந்தக் கடை போன வருடத்தைவிடக் கூடுதலாகப் பெட்டி அடிக்கிறது, எது குறைத்துக்கொண்டது என்பது எனக்கு மறைவில்லை. இந்த இரண்டு கணக்குகளும் ஒத்துப்போய் நான் அதிகம் பார்த்ததில்லை. ரீல்ஸ் போட்டு ஊரெல்லாம் பெயர் வாங்கிய கடை போன தடவை அடித்த பெட்டியே இன்னும் தீரவில்லை என்கிறது. பெரிதாக ஆரவாரம் இல்லாத கடை இரண்டாவது முறையாக அதே அச்சுப் பிளேட்டைப் போடச் சொல்கிறது.

வித்தியாசம் எங்கே என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கமென்ட்களைப் படித்துப் பாருங்கள், போதும்.

ஒரு கடையின் வீடியோ. நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். அதன் கீழே ஒரு பெண் கேட்கிறார்: "புதுச்சேரிக்கு அனுப்புவீர்களா? ஒரு கிலோ என்ன விலை?" பதில்: "இன்பாக்ஸ் பார்க்கவும்." அதற்குக் கீழே இன்னொருவர்: "விலை?" பதில்: இதயப் படம். மூன்றாமவர் "சர்க்கரைப் பாகா, வெல்லமா?" என்கிறார். அவருக்குப் பதிலே இல்லை. கையில் பணத்தோடு கடை வாசலில் வந்து நிற்பவர்கள் இவர்கள். இவர்களை நிற்க வைத்துவிட்டு, புதிதாக ஆள் பிடிப்பதற்கு விளம்பரக்காரரிடம் மாதச் சம்பளம் பேசுகிறார் முதலாளி.

விலையை ஏன் வெளியில் போடக் கூடாது என்று கேட்டேன். "போட்டிக்காரன் தெரிந்துகொள்வான்" என்றார். கோவில்பட்டியில்! ஒருவர் விலையை மற்றவர் அறியாத கடலைமிட்டாய்க் கடை இந்த ஊரில் எங்கே இருக்கிறது? எதிர்க்கடைக்குத் தெரிந்த விலை புதுச்சேரி அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாதாம். விலை கேட்டு இன்பாக்ஸுக்குள் போக வேண்டும் என்றாலே ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள் என்ற சந்தேகம் வாங்குபவருக்கு வந்துவிடுகிறது. இணையத்தில் பொருள் விற்பவர் மொத்த விலையைக் காட்ட வேண்டும் என்று 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளே சொல்கின்றன. சட்டம் இருக்கட்டும், அது வியாபார மரியாதை.

சரி, பெட்டி கூடிய கடைக்கு வருவோம். பெயர் சொல்ல மாட்டேன். அவர் கேட்டுக்கொண்டது அப்படி. கணவனும் மனைவியும் நடத்தும் சின்னப் பட்டறை. கடலை வறுப்பது, புடைப்பது, பாகு காய்ச்சுவது எல்லாம் வீட்டுக்குப் பின்னால். அந்த அம்மா போடும் வீடியோக்களில் பாட்டு கிடையாது, பெரிய எழுத்து கிடையாது. வெல்லப்பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டி, பதம் வந்துவிட்டதா என்று பார்ப்பார். கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, கட்டையால் உருட்டி, சூடு ஆறுவதற்குள் கத்தியால் வில்லை போடுவார். கத்தி பலகையில் படும் சத்தம் கேட்கும். அவ்வளவுதான் வீடியோ.

விற்பனை அதற்குக் கீழேதான் நடக்கிறது. ராத்திரி அடுப்பை அணைத்த பிறகு அவர் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதுகிறார். எழுத முடியாதபோது வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. ஐப்பசி அடைமழையில் சென்னையிலிருந்து ஒருவர் ஐந்து கிலோ கேட்டார். அதற்கு இவர் அனுப்பிய குரல் பதிவை எனக்கும் போட்டுக் காட்டினார்: "தம்பி, இந்த ஈரத்தில் ஐந்து கிலோ வாங்கினால் பாதி நமத்துப் போகும். இப்போது ஒரு கிலோ அனுப்புகிறேன். மழை விட்டதும் மீதியை வாங்கிக்கொள்ளுங்கள்." வந்த ஆர்டரில் ஐந்தில் நாலு பங்கைத் தானே தள்ளி வைக்கிறார்! எந்த விளம்பர வகுப்பிலும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். அந்தத் தம்பி பிறகு தன் அலுவலகத்துக்கே சேர்த்து வாங்கினார் என்பது எனக்குப் பெட்டிக் கணக்கில் தெரியும்.

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல், ஊர்ப் பெயரைக் காக்கும் அரசு முத்திரையான புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்கே பெருமை, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெயர் ஊரில் உள்ள நல்ல கடைகள் எல்லாவற்றுக்கும் பொது. வாங்குபவர் இவர்களில் யாரைத் தேடி வருவார் என்பதை முத்திரை தீர்மானிக்காது. "நமத்துப் போகும், இப்போது வேண்டாம்" என்று சொன்னவரைத்தான் தேடி வருவார்.

இன்னொரு விஷயமும் அந்த அம்மாவிடம் கவனித்தேன். பேஜை அவர் முழுதாக நம்புவதில்லை. நம்பாததற்கு நியாயம் இருக்கிறது. 2018 ஜனவரியில் முகநூல் நிறுவனம், நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று மாற்றியபோது, கடைகளின் பேஜ்கள் பலவற்றுக்கு வந்துகொண்டிருந்த பார்வை சுருங்கியது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகள் தடை செய்யப்பட்டன. அதில் கூட்டம் சேர்த்து வைத்திருந்த சிறு வியாபாரிகளுக்கு மறுநாள் அந்தக் கூட்டத்தை அழைக்க வழியில்லை. 2021 அக்டோபர் 4 ராத்திரி முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்தாற்போல் ஆறு மணி நேரம் படுத்துக்கொண்டன. அடுத்தவர் மனையில் கொட்டகை போட்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிகிறது. அதனால் வாங்கியவர் பெயர், ஊர், போன் நம்பர், எதை விரும்பி வாங்கினார் என்பதை ஒரு நீள நோட்டில் எழுதி வைக்கிறார். பேஜ் போனாலும் நோட்டு இருக்கும்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும். அவர்களிலும் நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். இது தெரியாமல் "மெசேஜ் அனுப்பினேன், ஒருவரும் வாங்கவில்லை" என்று புலம்புகிறவர்கள் நிறைய. இந்த அம்மா பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு வரி அடிக்கச் சொன்னார்: "இந்த நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள், புதுக் கடலை வந்ததும் சொல்கிறோம்." மூடியைத் திறந்தவர் கண்ணில் படாமல் போகாது. அதை அடிக்க நான் கூடுதலாகக் காசுகூட வாங்கவில்லை.

விளம்பரமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. புதுக் கிளை திறக்கிறீர்கள், சுற்றி இருக்கும் ஊர்க்காரர்களுக்குத் தெரிய வேண்டும் என்றால், அந்த வட்டத்துக்குள் மட்டும் காட்டும்படி கொஞ்சம் செலவு செய்யலாம். தமிழ்நாடு முழுவதும், 18 வயது முதல் 65 வரை என்று வைத்து, காசு கட்டிப் பதிவைப் பலருக்குக் காட்டும் பூஸ்ட் பட்டனை அழுத்துவது வேறு கதை. அதில் வரும் லைக்கை வைத்துக் கடலை வறுக்க முடியாது. அப்புறம் அந்தப் பண்டிகை வாழ்த்துப் போஸ்டர்! யாரோ வடநாட்டுக் குடும்பம் அகல் விளக்கோடு சிரிக்கும், மூலையில் நம் கடை முத்திரை. விளம்பரக்காரருக்குக் கொடுக்கும் மாதக் கட்டணத்தில் பாதி இந்த வாழ்த்துக்கே போகிறது. அதைப் பார்த்துவிட்டு யாராவது சேவு வாங்கியிருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

காசே இல்லாமல் செய்ய வேண்டியதையோ யாரும் செய்வதில்லை. மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் தேசிய நெடுஞ்சாலை 44 நம் ஊரைத் தொட்டுத்தான் போகிறது. காரில் வருகிறவர் புறவழிச்சாலையிலேயே கூகுள் மேப்பில் கடலைமிட்டாய்க் கடை தேடுகிறார். கடையின் குறி பழைய இடத்தில் இருக்கிறது. போட்டிருக்கும் போன் நம்பர் எப்போதோ மாற்றிவிட்ட பழைய நம்பர். ஞாயிறு திறந்திருக்குமா என்ற விவரம் இல்லை. அவர் நேரே திருநெல்வேலிக்குப் போய் அல்வா வாங்கிக்கொள்கிறார். ரீல்ஸுக்கு மெனக்கெடும் நேரத்தில் இதைச் சரிசெய்ய ஒரு டீ குடிக்கும் நேரம் போதும்.

"பதில் சொல்ல நேரம் எங்கே இருக்கிறது அண்ணாச்சி?" என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபமில்லை. விடியற்காலையில் அடுப்பு மூட்டுகிறவர்களுக்கு ராத்திரி கண் சொக்கும். கடைகளுக்கென்றே இருக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதிலை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். பொருளையும் விலையையும் பட்டியலாகப் போடலாம். "ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் பதில் வரும்" என்று சொல்லிவிட்டால் காத்திருப்பார்கள். காக்க வைப்பதைவிட, பதில் வருமா வராதா என்று தெரியாமல் விடுவதுதான் ஆளைத் துரத்துகிறது.

இப்போது மேஜையில் ஒரு சேவுக் கடைக்காரரின் தீபாவளிப் பெட்டி கிடக்கிறது. மேல்பக்கம் முழுக்க இன்ஸ்டாகிராம் கியூஆர் கோடு போடச் சொல்கிறார். நான் அதைச் சிறிதாக்கி, பக்கத்தில் போன் நம்பரையும் கால் கிலோ, அரைக் கிலோ விலையையும் பெரிதாகப் போட்டு, சரிபார்க்க மாதிரிப் புரூஃப் அனுப்பினேன். பெட்டியின் அழகே போய்விட்டது என்று சண்டைக்கு வந்தார். நாளைக்கு மறுபடியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமைதான் பிளேட் போடப் போகிறேன். அதுவரைக்கும் பேசிப் பார்க்கிறேன்.