அவன் பொம்மை கேட்டு அழவில்லை

நம் ஏரியா குழுவில் போட்ட, நானும் என் மகனும் இருக்கும் அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் இனிமேல் யாரும் இருக்க மாட்டீர்கள் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் மகன் பொம்மை கேட்டு அழவில்லை. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் இருக்கும் அந்தக் கடையில் பொம்மையே கிடையாது. அது புடவைக் கடை. "பொம்மை கேட்டுக் கடையையே ரெண்டாக்கிய வாண்டு, கண்டுகொள்ளாத அம்மா" என்று தலைப்பு வைத்தவருக்கு, எங்களுக்குப் பின்னால் கூரை வரைக்கும் அடுக்கியிருந்த புடவைகள் கூடவா கண்ணில் படவில்லை?

27 விநாடி. முதல் நாள் மட்டும் நாற்பது தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன். அவன் மல்லாந்து கிடந்து காலை உதைக்கிறான். நான் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். திட்டவில்லை, தூக்கவில்லை, வாயே திறக்கவில்லை. வீடியோ அவ்வளவுதான். அதற்குக் கீழே நம் ஏரியா மக்களின் தீர்ப்புகள். "ரெண்டு போட்டா அடங்கிடும்." "எங்கம்மாவா இருந்தா தொடப்பக்கட்டைதான் பேசியிருக்கும்." "எந்நேரமும் போனை நோண்டுற அம்மாவுக்கு இப்படித்தான் பிள்ளை வளரும்." போன் என் கையில் இல்லைங்க. போன் இருந்தது வீடியோ எடுத்தவர் கையில்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. "சும்மா உட்கார்ந்திருக்கிறாள் பார்" என்று ஒருவர் எழுதியிருந்தார், அதற்கு ஏகப்பட்ட லைக். அந்த "சும்மா"தான் நாலு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. நான் சும்மா உட்காரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஆவணியில் நாத்தனாருக்கு வளைகாப்பு. ஆடித் தள்ளுபடியிலேயே புடவையை எடுத்துவிடலாம் என்று சனிக்கிழமை சாயங்காலம் தண்டையார்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் போனோம். அது பழைய மாதிரிக் கடை, வெள்ளை மெத்தை போட்டிருப்பார்கள், உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். கடைக்காரர் ஒரு மாம்பழக் கலர் புடவையை உதறி விரித்தார். இவன் ஓடிப்போய் அதன்மேல் மல்லாக்கப் படுத்துக்கொண்டான். கையையும் காலையும் அகட்டி, கண்ணை மூடி, சிரித்தபடி. கடைக்காரர் பாவம், கோபப்படவே இல்லை. "எழுந்திரு தம்பி" என்று நகர்த்திவிட்டுப் புடவையை மடித்தார். அவ்வளவுதான், ஆரம்பித்தது கச்சேரி. மெத்தையிலிருந்து உருண்டு, கடைக்குள் நடக்கிற வழியில் விழுந்து, கடை அதிரக் கத்தினான்.

ஏன் என்று அங்கிருந்த யாருக்கும் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. என் அம்மா டைலர். ராயபுரத்தில் வீட்டிலேயே மெஷின் போட்டு, பீஸுக்கு இவ்வளவு என்று கணக்கில் தைத்துத்தான் எங்களை வளர்த்தார். இப்போது கண் சரியில்லை, அக்கம்பக்கத்து ஜாக்கெட் மட்டும்தான். அங்கே போனால் இவனுக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஆயா, அதாவது என் அம்மா, துணியைத் தரையில் விரித்ததும் இவன் அதன்மேல் படுத்துக்கொள்வான். ஆயா மார்க்கிங் சாக்கை எடுத்து இவனைச் சுற்றிக் கோடு போடுவார், தலை, தோள், கை, ஒவ்வொரு விரல் என்று. எழுந்து பார்த்தால் துணியில் இன்னொரு தம்பி படுத்திருப்பான். ஆக, யாராவது துணியை விரித்தால் அது தனக்காக என்பதுதான் இவனுக்குத் தெரிந்த உலகம். கடையில் விரித்தார்கள், படுத்தான், யாரும் கோடு போடவில்லை. இரண்டு வயது நாலு மாதத்தில் இதைச் சொல்ல அவனிடம் வார்த்தை இல்லை. கத்தல்தான் இருக்கிறது.

இதை 27 விநாடியில் காட்ட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரியாத விஷயத்துக்குத் தலைப்பு வைக்காமல் இருக்கலாம் அல்லவா?

இப்போது அந்த வீடியோவை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். என் முகத்தைப் பார்க்க வேண்டாம், நாலு நாளாக அதைத்தான் பார்க்கிறீர்கள். கையைப் பாருங்கள். தெரியாது. இரண்டு கையும் தொடைக்கு அடியில் இருக்கின்றன. நானே வைத்து, மேலே அழுத்தி உட்கார்ந்திருக்கிறேன்.

இதை எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன். வைகாசியில் ஒருநாள் இவனை அடித்துவிட்டேன். மூன்று நாள் காய்ச்சலில் அவனும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. நாலாம் நாள் காலை அரிசி டப்பாவை வாஷிங் மெஷினுக்குள் கவிழ்த்துவிட்டு, தட்டிக் கூப்பிட்டுக் காட்டினான். தொடையில் மூன்று அடி. விரல் தடம் சாயங்காலம் வரை இருந்தது. அழுதுகொண்டே என் மடியில்தான் வந்து ஏறினான், வேறு எங்கே போவான்? மறுநாள் ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்புவதற்காகக் கையைத் தூக்கினேன். அவன் கீழே நின்றிருந்தான். சட்டென்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

அதைக் கற்றுக்கொள்ள அவனுக்கு ஒரே நாள் போதுமாக இருந்தது.

அன்றிலிருந்து, அவன் கத்த ஆரம்பித்தால் நான் கீழே உட்கார்ந்து கையை அடியில் வைத்துக்கொள்கிறேன். எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. எனக்கே தோன்றியது. கை வெளியே இருந்தால் எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. "சும்மா உட்கார்ந்திருக்கிறாள்" என்று நீங்கள் சொல்வது இதைத்தான். முன்பு பாரிமுனையில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் டாக்குமென்டேஷன் வேலை பார்த்தேன். கப்பல் கிளம்ப இரண்டு மணி நேரம் இருக்கையில் பில்லில் எடை தப்பாக வந்திருக்கும், பார்ட்டி போனில் காது கிழியக் கத்துவார். "சரிங்க சார், மாத்திடலாம் சார்" என்று ஏழு வருடம் பேசியிருக்கிறேன். முன்பின் தெரியாதவர்களிடம் அவ்வளவு பொறுமை. பெற்ற பிள்ளையிடம் மட்டும் ஏன் இல்லை என்று கேட்டால், பதில் எனக்குத் தெரியும், சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. அவன் திருப்பி எதுவும் செய்ய முடியாது. அவ்வளவுதான் காரணம்.

"நாமெல்லாம் அடி வாங்கித்தானே வளர்ந்தோம், நல்லாத்தானே இருக்கோம்?" இதைச் சொல்லாதவர்கள் குறைவு. நானும் வாங்கியிருக்கிறேன். 2003-04இல் சென்னையில் குழாய்த் தண்ணீர் நின்று லாரியை நம்பியிருந்த காலம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். நான் மூன்றாவது படித்தேன். தெருமுனையில் எங்கள் மூன்று குடத்துக்குக் காவல் நிற்கச் சொல்லிவிட்டு அம்மா தைத்துக்கொண்டிருந்தார். நான் பஞ்சுமிட்டாய் வண்டிக்குப் பின்னால் போய்விட்டேன். திரும்பி வந்தால் லாரி போயாச்சு, குடம் மூன்றும் காலி. அம்மா மெஷின் மேல் இருந்த மரஸ்கேலை எடுத்தார். தட்டையாக அல்ல, விளிம்பால். அன்று ராத்திரி முழுக்க மெஷின் சத்தம் கேட்டது. விடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மாவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். அந்த நிலைமையில் நானாக இருந்தால் ஸ்கேலே உடைந்திருக்கும். ஆனால் "நல்லாத்தானே இருக்கோம்" என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. நல்லாவா இருக்கிறோம்? முன்பின் தெரியாத ஒருத்தியையும் அவள் பிள்ளையையும் முகம் தெரிய வீடியோ எடுத்துப் போட்டு, அவள் எப்போது அடிப்பாள் என்று முன்னூறு பேர் காத்திருக்கிறோம். நல்லா இருப்பவர்கள் செய்யும் காரியமா இது?

"இது என்ன ஸ்வீடனா?" என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். இல்லைங்க அண்ணா, தண்டையார்பேட்டைதான். ஆனால் ஸ்வீடனிலும் அடித்துத்தான் வளர்த்தார்கள். 1979இல் சட்டம் போட்டார்கள், பிள்ளைகளை வீட்டிலும் அடிக்கக்கூடாது என்று. உலகத்தில் முதலில் போட்ட நாடு அதுதான். அந்த ஊர் அம்மாக்களும் பிறக்கும்போதே பொறுமையோடு பிறக்கவில்லை. அவ்வளவு தூரம் ஏன், நம் நாட்டிலேயே 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிக்கக்கூடாது என்கிறது. ஆறு வயசுப் பிள்ளையை வாத்தியார் தொட்டால் கொதிக்கிறோம். ரெண்டு வயசுப் பிள்ளையை அம்மா அடிக்கவில்லை என்றால் அதற்கும் கொதிக்கிறோம்.

மற்ற வாடிக்கையாளர்களுக்குத் தொந்தரவு என்றவர்களுக்கு: ஆமாம், தொந்தரவுதான், மன்னிக்கவும். வெளியே தூக்கிப் போயிருக்கலாம் என்கிறீர்கள். ஆடி மாதச் சனிக்கிழமை சாயங்காலம் எம்.சி. ரோட்டில் "வெளியே" என்று ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று காட்டினால் அடுத்த முறை அங்கேயே போகிறேன்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் பொய்க்காரி ஆகிவிடுவேன். நானும் உங்களில் ஒருத்திதான். வேலைக்குப் போய்வந்த காலத்தில் திருவொற்றியூர் பஸ்ஸில் ஒரு குழந்தை பீச் ஸ்டேஷனிலிருந்து கல்மண்டபம் வரை விடாமல் அழுதது. அந்த அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, அவளுக்குக் கேட்கிற மாதிரி "ச்ச்" என்றேன். கையில் வீடியோ எடுக்கும் போனும் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை, அந்த வரைக்கும் தப்பித்தேன். அவள் முகம் ஞாபகமில்லை. அந்த "ச்ச்" நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போது எனக்கு முன்னூறு "ச்ச்" கிடைத்திருக்கிறது. வட்டியோடு.

"வேலைக்குப் போகாம வீட்டுல இருந்தும் ஒரு பிள்ளையை வளர்க்கத் தெரியல" என்றும் ஒரு கமென்ட். எழுதியது ஒரு பெண். சகோதரி, நான் வேலையை விட்டது ஆசைப்பட்டு அல்ல. 26 வாரம் பிரசவ விடுப்பு கிடைத்தது, அந்தச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தத்துக்குப் புண்ணியம். அதே திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. எங்கள் ஆபீஸில் 31 பேர். அம்மா பார்த்துக்கொண்டார். அப்புறம் அம்மாவுக்கு முட்டி போயிற்று, மாடிப்படி ஏறி இவனைத் துரத்த முடியவில்லை. யாராவது ஒருவர் வேலையை விட வேண்டும் என்று வந்தபோது வீட்டில் பெரிய விவாதமெல்லாம் நடக்கவில்லை. விவாதமே நடக்கவில்லை.

இவ்வளவு தூரம் வந்தபிறகு அதையும் கேட்டுவிடுகிறேன். அன்று கடைக்கு நான் தனியாகப் போகவில்லை. என் வீட்டுக்காரரும் கூடத்தான் இருந்தார். எனக்கு இரண்டடி இடதுபுறம், கையில் இரண்டு பையோடு, கத்துவது யார் வீட்டுப் பிள்ளையோ என்பது மாதிரி ஜாக்கெட் பிட் விலையைப் படித்துக்கொண்டிருந்தார். வீடியோவின் ஓரத்தில் ஒரு பையும் ஒரு செருப்புக் காலும் தெரியும். முன்னூறு கமென்டையும் படித்துவிட்டேன். "அப்பா எங்கே?" என்று ஒரே ஒருவர் கூடக் கேட்கவில்லை. அவரிடமே காட்டினேன். "நல்லவேளை, வீடியோல நான் விழல" என்றார். நல்ல மனுஷன்தான், குடிக்க மாட்டார், சம்பளத்தை அப்படியே கொடுப்பார். அதற்காக அந்தப் பதிலை நான் மறக்கப் போவதில்லை, அவர் இதைப் படித்தாலும் சரி.

குழுவின் அட்மின் "நல்ல நோக்கத்தில்தான் போட்டோம், விழிப்புணர்வுக்காக" என்று பதில் அனுப்பியிருக்கிறார். மகன் முகத்தையாவது மறையுங்கள் என்று கேட்டேன். மறைத்தார். மஞ்சள் சிரிப்புப் பொம்மை ஒன்றை ஒட்டி. கடைசியில் அந்த வீடியோவில் பொம்மையும் வந்துவிட்டது.

அம்மாவிடம் இதைக் காட்டவே கூடாது என்றிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா காட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போனபோது அம்மா எதையும் கேட்காமல் சோறு போட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான், "இன்னாத்துக்குமா அவ்ளோ நேரம் தரையில குந்திகினு இருந்த?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கையை ஏன் அப்படி அடியில வெச்சிகினு இருந்த?" என்றார்.

அவ்வளவு பேர் பார்த்த வீடியோவில் அதைக் கவனித்தது அவர் ஒருவர்தான். நான் பதில் சொல்லவில்லை. அவரும் அப்புறம் கேட்கவில்லை. கூடத்தில் பழைய வேட்டி ஒன்றை விரித்தார், தம்பி ஓடிப்போய்ப் படுத்துக்கொண்டான்.

வளைகாப்புக்கு எடுத்த புடவைக்கு இன்னும் ஜாக்கெட் பிட் எடுக்கவில்லை. வரும் ஞாயிறு சாயங்காலம் அதே கடைக்கு மூன்று பேரும் போகிறோம். இவன் கத்தினாலும் கத்துவான். வீடியோ எடுக்க ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து போனைப் படுக்கவைத்துப் பிடித்து எடுங்கள். அப்போதுதான் இடதுபுறம் நிற்பவரும் உள்ளே வருவார்.